மாமனாரின் காரும் புகைச் சோதனையும்

எங்கள் தெருவில் அவரைப் 'பல்லு டாக்டர்' என்றுதான் கூப்பிடுவோம். உண்மையில் அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். யாராவது சிரித்தால் முதலில் பல்லைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார். மற்றபடி அதிகம் பேசாத மனிதர்.

அவருடைய மாமனார் அதற்கு நேரெதிர். அச்சகத்தில் பிழை திருத்தியே காலம் கழித்தவர், ஓய்வு பெற்றதும் வீட்டில் இருப்பவர்களைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையை மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். மரியாதை. ஒரே வீட்டில் இருந்தும் இருவருக்கும் இடையே "சாப்டாச்சா மாமா?", "ஆச்சு மாப்பிள்ளை" என்பதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை.

மாமனாரின் பழைய கார் புகைச் சோதனையில் தோற்றுப்போனதும் வீடே களையிழந்தது. அடுத்த முறையும் தோற்றால் அதைச் சாலையில் ஓட்ட முடியாது.

"போனா போகட்டும். எனக்கும் கண்ணு மங்கிடுச்சு. இனிமே நானா ஓட்டப்போறேன்?" என்றார் மாமனார். சொன்னாரே தவிர, அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பல்லு டாக்டர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "வித்துடலாம்னு அவசரப்பட வேண்டாம் மாமா. ஞாயித்துக்கிழமை திறந்து பாத்துடுவோம்."

டாக்டரின் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரெண்டு பேரும் பிரிச்சுப் போடுங்க. கடைசியில மிஞ்சற நட்டையெல்லாம் எனக்கு மாலையா கோத்துப் போடுங்க."

ஞாயிறன்று வாசலில் பழைய போர்வையை விரித்தார்கள். பல்லு டாக்டர் வேலைக்கூடத்திலிருந்து பொடிப்பொடித் தூரிகைகளைக் கொண்டுவந்திருந்தார். காற்று வடிகட்டியை எடுத்துத் தட்டினால் அடுப்புக்கரி மாதிரிக் கொட்டியது. அதைத் தூக்கிப்போட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார்கள். பிளக்குகளில் கருப்பு அப்பிக்கிடந்தது. கார்புரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு துளையையும் பல்லைச் சுத்தம் செய்வதுபோல் சுத்தம் செய்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் மாமனார் வாங்கி, வந்த வரிசையிலேயே போர்வைமேல் அடுக்கினார். ஒரு திருகு இடம் மாறியதும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"அது அங்க இல்ல மாப்பிள்ளை. இதுக்கு அடுத்தது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் மாப்பிள்ளை முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க இல்லன்னா இத மாத்தித்தான் போட்டிருப்பேன் மாமா." அதற்குப்பின் அன்று முழுக்கத் திருத்தம்தான். மாப்பிள்ளையும் சளைக்காமல் திருத்திக்கொண்டார்.

பூட்டி முடித்து வண்டியைக் கிளப்பினார்கள். சூடேறியதும் புகைக்குழாய்க்கு எதிரே மாமனார் தன் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார். லேசாகச் சாம்பல் பூத்தது, அவ்வளவுதான். தெருவுக்கே கேட்கும்படி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுவாரம் சோதனை நிலையத்துக்குப் போனார்கள். போன முறை போலவே மாமியாரும் கூட வந்தார். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றும், அதனால் முன் இருக்கை. டீ பிளாஸ்க், தண்ணீர், குடை என்று ஒரு பெரிய பை. நிலையத்துப் பையன் குழாயில் கருவியைச் செருகிவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "சார், முன்ன மாதிரியே கரும்புகை."

மாமனார் பின் இருக்கையில் அப்படியே சாய்ந்துவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பல்லு டாக்டருக்கு ஒன்றுமே புரியவில்லை. வீட்டில் ஒழுங்காக ஓடிய இன்ஜின் இங்கே ஏன் திணறுகிறது? காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தவரின் முழங்காலில் ஏதோ இடித்தது. மாமியாரின் பை. ஸ்டியரிங் பக்கத்தில் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்த சோக் குமிழில் அது தொங்கிக்கொண்டிருந்தது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கொஞ்ச நேரம் கூடுதல் பெட்ரோல் கொடுப்பதற்கான குமிழ் அது. பையின் கனத்தில் முழுசாக வெளியே வந்திருந்தது.

மாமனாருக்குத் தெரிந்தால் மாமியாரிடம் இந்த ஜென்மத்துக்கும் சொல்லிக்காட்டுவார். பல்லு டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"பையைக் குடுங்க அத்தை, கனமா இருக்கும்."

வாங்கிக் கீழே வைத்துவிட்டு, குமிழை உள்ளே அழுத்தினார். இன்ஜின் கொஞ்சம் இருமியது, பிறகு சீராகிவிட்டது. பையனைக் கூப்பிட்டு இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். கருவியைப் பார்த்த பையனின் புருவம் மேலே போனது. "பாஸ் சார்! என்ன பண்ணீங்க?"

"அதானே, என்ன பண்ணீங்க மாப்பிள்ளை?" பின்னாலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார்.

"ஏதோ சிக்கியிருந்தது மாமா. எடுத்துவிட்டேன்."

திரும்பி வரும்போது மாமியார் பையை மடியில் கட்டிப்பிடித்தபடி வந்தார். பாதி வழிகூடத் தாங்கவில்லை.

"ஏங்க, அந்த 'ஏதோ' நான்தான்."

"என்னது?"

"பையை மாட்டறதுக்குன்னே வச்ச கொக்கின்னு நெனச்சேன். எறங்கும்போது நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாதேன்னு உள்ள தள்ளிட்டு வேற வருவேன்."

மாமனார் வாயைத் திறந்தார். வழக்கமாக வரவேண்டிய திருத்தம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. பல்செட் கழன்றுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பல்செட் மாப்பிள்ளை செய்து கொடுத்தது, அசையவே இல்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காரின் பானட் திறந்திருப்பதைப் பார்க்கிறேன். "என்ன கோளாறு?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணுமில்லயே" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். மாமனார் உள்ளே எதையோ சுட்டிக்காட்ட, மாப்பிள்ளை துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.