தங்கையைக் கேட்காமல் பேசிய அண்ணன்

என் தங்கையின் வயிற்றில் இருந்த இரண்டாவது குழந்தையை, அவர் விருப்பத்துக்கு மாறாகக் கலைக்க வைத்தவன் நான். அவர் நினைவாக வெளியிடும் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் சிலருக்கு இது தெரியும். பலருக்குத் தெரியாது. மறைந்தவரின் நற்குணங்களைச் சொல்லித் தொடங்குவதுதான் முறை. அவற்றையும் சொல்லப் போகிறேன். ஆனால் இதை முதலில் சொல்லாமல் அவற்றைச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

தங்கை ஜேடர்பாளையத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில் பிறந்தார். எனக்கு ஏழு வயது இளையவர். வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்பாவால் ஒருவரைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தது. நான் சேலத்துக்குப் போய் விலங்கியல் படித்தேன். என்னைவிட நன்றாகக் கணக்குப் போடும் தங்கை பத்தாம் வகுப்போடு நின்றார். அதற்காக அவர் அழுததாகவோ குறைபட்டதாகவோ எனக்கு நினைவில்லை. நான் விடுமுறைக்கு வரும்போது என் பாடப் புத்தகங்களைப் புரட்டி, தவளையின் படத்தைப் பார்த்து, "இத அறுத்துப் பாக்கறதுக்கா அப்பா மாட்ட வித்துக் காசு கட்டுனாரு?" என்று கேட்டுச் சிரித்தது நினைவிருக்கிறது.

அவரை மோகனூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தோம். கரும்பும் வாழையும் உள்ள தோட்டம். மைத்துனர் நல்ல மனிதர். தம் தகப்பனாரை எதிர்த்து ஒரு சொல் பேச மாட்டார் என்பதைத் தவிர அவரிடம் குறையென்று சொல்ல எதுவும் இல்லை. முதலில் சரவணன் பிறந்தான்.

நான் அப்போது நாமக்கல்லில் ஆசிரியர். மக்கள்தொகைக் கல்வி பற்றிப் பள்ளிகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் பேசும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மேற்கூரை வரை ஆட்கள் தொற்றிக்கொண்டு போகும் பேருந்தின் படம் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். பேச்சு எனக்கு நன்றாக வரும். எங்கள் பக்கத்து நிலக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது அதிகம் இல்லை. நிலம் துண்டாகிவிடக் கூடாது என்று அவர்களில் பலர் தாமாகவே ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதை நான் மேடையில் அறிவு என்று பாராட்டினேன். அந்த முடிவை அந்தந்த வீட்டில் யார் எடுத்தார்கள், பெற வேண்டியவள் என்ன நினைத்தாள் என்று ஒரு வீட்டிலும் விசாரித்ததில்லை.

சரவணனுக்கு நான்கு வயதானபோது தங்கை மறுபடியும் கருவுற்றார். மாமனார் வேண்டாம் என்றார். மைத்துனர் பேசாமல் இருந்தார். தங்கை மட்டும் வேண்டும் என்றார். பேச்சு முற்றியபோது, "எங்கண்ணன் வரட்டும். அவரு என்ன சொல்றாரோ அதக் கேட்டுக்கறேன்" என்று சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். தம் பக்கம் பேசுவதற்குத்தான் என்னை அழைத்தார்.

நான் போனபோது வாசல் படலைத் திறந்துகொண்டு வெளியே வந்து என் பையை வாங்கிக்கொண்டார்.

"நீங்க வந்துட்டீங்கல்லங்கண்ணா, இனி எனக்குப் பயமில்லீங்க."

உள்ளே மாமனார் நாற்காலி போட்டார். "ஏனுங்க வாத்தியாரே, இருக்கறது ஒத்தக் கெணறு. நாளைக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு மோட்டார எறக்கிக்கிட்டு நின்னா என்ன பண்றது? பொண்ணாப் போச்சுன்னா அதுக்குச் சீரு செய்யோணும். நீங்களே ஒரு நாயஞ் சொல்லுங்க" என்றார்.

நான் மேடையில் பேசுவதைப் பேசினேன். நாட்டின் நிலைமை, தண்ணீர், உணவு, தாயின் உடல்நலம், ஒரு பிள்ளையை நன்றாகப் படிக்க வைப்பதன் நன்மை. வகுப்பறைபோல வீடே அமைதியாக இருந்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. தங்கை சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'அம்மணி, உனக்கு என்ன வேணும்?' என்று நான் கேட்கவில்லை. பேசி முடித்ததும் மாமனார், "இதுக்குத்தான் ஊட்டுக்கு ஒரு படிச்ச ஆளு வேணுங்கறது" என்றார்.

தங்கை, "செரிங்கண்ணா" என்றார்.

மருத்துவமனைக்கு நானும் உடன் போனேன். கருக்கலைப்போடு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையும் சேர்த்தே முடிந்தது. சட்டப்படியும் மருத்துவப்படியும் பிழை எதுவும் நடக்கவில்லை. கையெழுத்தையும் தங்கையே போட்டார். நான் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, நம்பித்தான் பேசினேன். நம்பிப் பேசினேன் என்பது எனக்குச் சமாதானமாக இருக்கலாம், தங்கைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன்பின் கூட்டங்களில், "என் உடன்பிறந்த தங்கையே தானாக முன்வந்து ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொண்டாள்" என்று பேசினேன். கைதட்டுவார்கள். பல ஆண்டுகள் இதைச் சொன்னேன். 'தானாக முன்வந்து' என்பது பொய் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரியும்.

தங்கை வாழ்ந்த வாழ்க்கை இதோடு நின்றுவிடவில்லை. மைத்துனருக்கு முதுகு போனபிறகு தோட்டத்தை அவர்தான் நடத்தினார். கரும்பு வெட்ட வந்த குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தம் வீட்டில் தனியாகச் சோறு வடித்து வைப்பார். ஐம்பது வயதுக்கு மேல் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போய்வந்தார். சரவணனைப் பொறியியல் படிக்க வைத்தார். எனக்குச் செய்ய வேண்டிய மரியாதையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. போனால் இலை போட்டுப் பரிமாறுவார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் காரியத்துக்கும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. நானும் அதைக் கவனிக்காதவன்போல் இருந்துகொண்டேன்.

சரவணனின் திருமணத்தன்று அப்படி இருக்க முடியவில்லை. மணமகனின் உடன்பிறந்தவள் அருகில் நின்று செய்ய வேண்டிய இணைச்சீருக்கு வீட்டில் பெண் இல்லை. சரவணனின் பெரியப்பன் வீட்டிலும் ஒரே பையன். என் வீட்டிலும் வெளிநாட்டில் இருக்கும் ஒரே பையன்தான்; பெண் இருந்திருந்தாலும் மாமன் மகள் இதற்கு ஆகமாட்டாள். கடைசியில் திருச்செங்கோட்டிலிருந்து தூரத்துப் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியை அழைத்துவந்தோம். சரவணன் அவளை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தான். படம் எடுப்பவர் விஷயம் தெரியாமல், "அண்ணனும் தங்கச்சியும் ஏனுங்க இப்படி வெறச்சுக்கிட்டு நிக்கறீங்க? சண்டையா?" என்று கேலி செய்தார். பந்தலில் ஒருவர், "ஒத்தப் பிள்ளைக் கல்யாணத்துல கூடப் பொறந்தவளும் வாடகைக்குத்தான் வரோணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் செய்தது என்னவென்று அந்தத் தாம்பாளத்தோடு நின்றபோதுதான் முழுதாகப் புரிந்தது.

புரிந்தவன் என்ன செய்தேன் என்றால், அதே தவற்றை மறுபடியும் செய்தேன். மைத்துனர் காலமாகி, என் மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சரவணனுக்கும் அவன் மனைவி நித்யாவுக்கும் ஒரு மகள். சாப்பிடும்போது நித்யாவிடம் ஆரம்பித்தேன். ஒன்றோடு நிறுத்திவிடக் கூடாது, குழந்தைக்குத் துணை வேண்டும், ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளே இல்லை, பெண் கிடைக்காமல் பையன்கள் நாற்பது வயதில் நிற்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். நித்யா இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கை தயிரோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"போதுமுங்கண்ணா."

"இல்ல அம்மணி, நான் எதுக்குச் சொல்றேன்னா..."

"அவளக் கேட்டீங்களா?"

தயிர்ச் சட்டியை என் இலைக்கருகில் வைத்தார்.

"அன்னைக்கு இதே ஊட்டுல உக்காந்து பேசுனீங்க. நல்லாத்தான் பேசுனீங்க. இன்னைக்கும் நல்லாத்தான் பேசறீங்க. பெக்கறவ அவ. வேணுமா வேண்டாமான்னு அவ சொல்லோணும், இல்லீன்னா சும்மா இருப்பா. நீங்க தயிர் ஊத்திச் சாப்புடுங்க."

"அத்தை, உடுங்க. மாமா ஏதோ பிரியமாத்தான்..." என்றாள் நித்யா.

"பிரியமாத்தான் கண்ணு. அன்னைக்கும் பிரியமாத்தான்" என்றார் தங்கை.

சாப்பிட்டு எழுந்து கை கழுவும் இடத்தில் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். "கையத் தொடைங்க, ஈரமா இருக்குது" என்று துண்டைக் கொடுத்தார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, நான் முன்பு பேசிய ஊர்களில் ஒன்றில் மக்கள்தொகை நாள் கூட்டத்துக்கு அழைத்தார்கள். நடந்ததை அங்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இந்த முறை தங்கையைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. தொலைபேசியில், "அம்மணி, உன் கதைய அங்க சொல்லட்டுமா?" என்றேன்.

"என்ர கதைய நீங்க எதுக்குச் சொல்றீங்க? நீங்க செஞ்சதச் சொல்லுங்க. அதுக்கு என்னக் கேக்க வேண்டியதில்லீங்க."

அப்படியே செய்தேன். யாருக்கு எத்தனை பிள்ளை வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதிகம் என்று சொல்லவும் இல்லை, குறைவு என்று சொல்லவும் இல்லை என்றேன். முன்பு கூட்டங்களில் தங்கையைக் காட்டிச் சொன்ன உதாரணம் பொய் என்பதையும் சொன்னேன். கைதட்டல் இல்லை. என் பழைய மாணவர் ஒருவர் ஒலிபெருக்கியை வாங்கி வேறு பேச்சுக்குப் போனார். மறுபடி எங்கும் என்னை அழைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. இந்தக் கட்டுரையும் நான் செய்ததைச் சொல்வதுதான்.

சென்ற ஆண்டு தங்கைக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. நாமக்கல் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தார்கள். அறுவைச் சிகிச்சை செய்தால் சில காலம் நீளலாம், உறுதியில்லை என்றார் மருத்துவர். தங்கை வேண்டாம் என்றார். சரவணன் பெங்களூரிலிருந்து ஓடிவந்திருந்தான். நடைவழியில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நீங்க சொன்னா அம்மா கேக்கும். உள்ள போய்ச் சொல்லுங்க."

உள்ளே போனேன். கட்டிலருகில் உட்கார்ந்து, "அம்மணி, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"ஊட்டுக்குப் போவோணுமுங்க."

"ஆபரேசன்?"

"ஒருக்கா மேசையில படுத்தது போதுமுங்கண்ணா."

அவர் இருக்க வேண்டும் என்று என் மனம் விரும்பியது. சொல்வதற்குக் காரணங்கள் நாவின் நுனியில் நின்றன. ஒன்றையும் சொல்லாமல் சரி என்றேன். வெளியே வந்து, அம்மா வேண்டாம் என்கிறார், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றேன்.

சரவணன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "அன்னைக்கும் நீங்கதானே முடிவு பண்ணுனீங்க. இன்னைக்கும் நீங்களேதானா?"

"நான் பண்ணலீங்க மாப்ள. அவங்க பண்ணிட்டாங்க. நான் அத வந்து சொல்றேன், அவ்வளவுதான்."

நித்யா உள்ளே போய் அத்தையிடம் பேசிவிட்டு வந்து துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

தங்கை வீட்டில் சில வாரங்கள் இருந்தார். வாழைக்கு எரு வைத்தார்களா என்று படுக்கையிலிருந்தே விசாரிப்பார். நான் நாள் தவறாமல் போவேன். பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். "முன்னயெல்லாம் நீங்க வாயத் தொறந்தா மூட மாட்டீங்க. இப்பத்தான் ஊட்டு மனுசராட்டம் இருக்கறீங்க" என்று ஒருநாள் சிரித்தார். ஒரு பிற்பகலில், நித்யா தலையை மடியில் வைத்திருக்க, அமைதியாகப் போய்விட்டார். காரியத்தன்று பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, இரண்டும் பெண்ணானதால் மூன்றாவதாக ஒரு பையனைப் பெறச் சொல்லி வீட்டார் வற்புறுத்தியபோது, போதும் என்று சொல்லி அறுவைச் சிகிச்சைக்குப் போன தன்னோடு துணையாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர் தங்கைதான் என்று சொல்லி அழுதாள். எனக்கு அது அதுவரை தெரியாது.

நான் அறுவைச் சிகிச்சையைத் தடுத்ததால் தங்கையின் ஆயுள் குறைந்தது என்று பேசும் உறவினர்கள் உண்டு. இருக்கலாம். சரவணன் பல மாதம் என்னோடு பேசவில்லை. என்னை அண்ணா என்று கூப்பிட இனி உலகத்தில் ஒருவரும் இல்லை. மாலை நேரங்களில் அது நன்றாகவே தெரிகிறது.

இந்த மலருக்கு எழுதச் சொல்லி நித்யாதான் கேட்டாள். "முழுசா எழுதச் சொல்" என்று சரவணன் சொல்லியனுப்பியதாகவும் சொன்னாள். இருவருக்கும் நன்றி. தங்கையின் விருப்பத்தை மதித்து, வலி தெரியாமல் இருக்க வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் நன்றி. வாரக்கணக்கில் எங்கள் எல்லோருக்கும் சமைத்துக் கொடுத்த பக்கத்துத் தோட்டத்தாருக்கும், வெயிலில் வந்து நின்ற உறவினர்க்கும் நண்பர்க்கும் நன்றி.

தங்கைக்கும் ஒரு நன்றி உண்டு. மருத்துவமனையில் நான் கேட்டபோது அவர் பேசாமல் இருந்திருக்கலாம். என்ன வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.