கிழக்கு வளைவில் ஒரு தாழ்வு

அக்டோபர் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. மழை இன்னும் தொடங்கவில்லை. ஆனால் வானம் காலையிலிருந்தே கறுத்திருந்தது, காற்று அசையவில்லை. வாய்க்கால், கரைப் பராமரிப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் கரையக்கா தம் கணினியைத் திறந்தார். வரைபடத்தில் கிழக்கு வளைவைப் பெரிதாக்கிப் பார்த்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். வெள்ளிக்கிழமை மாலை அவர் தாழ்த்திவிட்டுப் போன கரை மீண்டும் உயர்ந்து நின்றது.

கரையக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். இளம்வயதில் அங்கே படம் நகலெடுப்பவராகச் சேர்ந்தவர். மெல்லிய தாளை மேசையில் விரித்து மையால் கோடு இழுத்த காலம் போய், இப்போது அந்தக் கோடுகளைத் திரையில் இழுக்கிறார். விமானம் மேலிருந்து அளந்த நில உயரங்கள் சிறுசிறு சதுரங்களாகத் திரைக்கு வந்து சேரும். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் உயரம். விமானத்துக்குப் பாலத்தின் மேற்பரப்பு தெரியும், அடியில் ஓடும் தண்ணீர் தெரியாது. ஆகவே பாலம் வந்த இடமெல்லாம் வாய்க்கால் அடைபட்டதாகப் படம் சொல்லும். அதை வெட்டித் திறந்துவிடுவது அடுத்த மேசைக்காரரின் வேலை. கரையோ சதுரத்தைவிட ஒடுக்கமானது. பக்கத்துப் பள்ளத்தோடு சேர்த்துச் சராசரி போட்டால் அமுங்கிவிடும். அதைத் தூக்கி நிறுத்துவது கரையக்காவின் வேலை. இருவரும் திருத்திய படத்தின்மேல் கணினி வெள்ளத்தை ஓட்டிப் பார்க்கும். தண்ணீர் நுழையும் வீடு சிவப்பாகும். சிவப்பு வீட்டில் புதிதாக ஒரு செங்கல் வைக்கவும் அனுமதி கிடையாது.

எதையும் எளிதில் நம்பாதவர் அவர். எங்கள் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறார். வெளியே புறப்படும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பார், படி இறங்குவார், திரும்ப ஏறிப்போய் இன்னொரு முறை இழுப்பார். "கரை, வாய்க்கால்னு தண்ணியோடவே வேலை செய்யறேன், என்கிட்டயே தண்ணி விக்கிறீங்களா?" என்று பால்காரரை அவர் கேட்பதும், "அம்மா, உங்களுக்கு ஊத்துறப்ப மட்டும் எனக்குக் கை நடுங்குது" என்று பால்காரர் சொல்வதும் அன்றாடம் நடப்பவை.

கிழக்கு வளைவுக்குப் பின்னால் அவருடைய அண்ணனின் வீடும் செடிப் பண்ணையும் இருந்தன. பெற்றோரின் வீட்டைப் பங்கு பிரித்தபோது உடன்பிறந்த இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. பல ஆண்டுகள் கழித்து, சென்ற ஆண்டுதான் அண்ணன் ஒரு ரோஜாக் கன்றுடன் வந்து கதவைத் தட்டினார். அந்த உறவு இன்னும் ஈரம் காயாத சுவர்போல இருந்த நேரத்தில் இந்தச் சிக்கல் வந்தது. வரைபடத்தில் வளைவுக் கரை உயரமாக இருக்க, கோடையில் விமானம் எடுத்த புதிய அளவு அங்கே ஒரு தாழ்வைக் காட்டியது. ஐயம் வந்தால் நேரில் அளக்கும்வரை தாழ்வான அளவையே வைப்பது அலுவலக வழக்கம். கரையக்கா அவ்வாறே வைத்தார். அண்ணன் வீடு சிவப்பானது. அண்ணனோ மாடியில் ஓர் அறை கட்ட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வருகிற மருமகளுக்கு அந்த வீட்டில் வேறு இடம் இல்லை.

அனுமதிப் பிரிவிலிருந்து செய்தி கசிந்து, ஞாயிற்றுக்கிழமையே அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள்.

"எங்க வீட்டைத் தண்ணிக்குள்ள தள்ளிட்டு நீங்க மட்டும் மாடியில சொகுசா இருக்கீங்க" என்றார் அண்ணி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"நான் தள்ளல அண்ணி. விமானம் அளந்ததை வச்சேன்."

"விமானத்துக்கும் எங்களுக்கும் என்ன பகை? பகை யாருக்குன்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும்."

அண்ணன் தேநீரைத் தொடவில்லை. "தினம் அந்தக் கரை மேல நடக்கிறவன் நான். நீ நாற்காலியில உக்காந்துகிட்டு எனக்குக் கரையைப் பத்திச் சொல்றியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் காலையில் கரை உயர்ந்திருந்தது என்றால், கரையக்காவின் பார்வை அடுத்த மேசையின்மேல் விழுந்ததில் வியப்பில்லை. அங்கே இருப்பவருக்குக் கமுக்கம் என்று பெயர். கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். சாப்பாட்டு டப்பாவைக்கூடப் பாதி திறந்துதான் சாப்பிடுவார். போதாக்குறைக்கு, சென்ற மாதம் எதிர்ச்சாரித் தேநீர்க் கடையில் அவரும் அண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைக் கரையக்கா சன்னல் வழியே பார்த்திருக்கிறார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்தப் பெஞ்சு முழுவதும் சதியாகத் தெரிந்தது.

அவர் கரையை மறுபடியும் தாழ்த்தினார், திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார், கடவுச்சொல்லை மாற்றினார். செவ்வாய்க்கிழமை காலை கரை உயர்ந்திருந்தது. தம் நாற்காலியைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டு, கமுக்கத்தின் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்தார். கமுக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, தம் திரையை மெல்லச் சன்னல் பக்கமாகத் திருப்பினார். கரையக்காவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அன்று தேநீர் இடைவேளைக்குக்கூட அவர் எழுந்துபோகவில்லை.

புதன்கிழமையும் கரை உயர்ந்திருந்தது. பொறுமை எல்லை கடந்தது.

"எங்க அண்ணன் உங்களுக்கு எத்தனை ரோஜாக் கன்று குடுத்தாரு?"

கமுக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு. ரெண்டும் பட்டுப்போச்சு."

"அதுக்காகவா என் கரையைத் தூக்கி வைக்கிறீங்க?"

"நான் கரையைத் தொடுறதே இல்ல அக்கா."

"அப்புறம் ஏன் நேத்து திரையைத் திருப்பினீங்க?"

"நீங்க முறைச்சுப் பார்த்தா எனக்கு வாய்க்கால் கோணலா வருது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக இன்னும் சில சொற்களைச் செலவழித்தார்: "நீங்க சதுரத்தைத்தானே மாத்துறீங்க? ராத்திரி கணினி படத்தை முதல்ல இருந்து கட்டுதுல்ல. தரை, அப்புறம் என் வாய்க்கால், கடைசியா உங்க கரைக் கோடு. அங்க கோடு ஏதாவது கிடக்குதான்னு பாத்தீங்களா?"

கரையக்கா பார்த்தார். கோடு கிடந்தது. பல ஆண்டுகளுக்கு முன், வளைவின் இரு முனைகளிலும் உயரத்தை அளந்து, இடையில் மட்டமாக இழுத்து, அவரே போட்ட கோடு. அடுத்த பகுதியின் கோடுகளோடு சேர்த்துச் சேமித்திருந்ததால் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் தரையைத் தாழ்த்த, ஒவ்வோர் இரவும் அவருடைய கோடே அதைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. கமுக்கத்திடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் கமுக்கம் திரைக்குள் போய்விட்டார்.

ஆனால் ஐயம் தீரவில்லை, இடம்தான் மாறியது. கோடு சொல்வது உண்மையா, விமானம் சொல்வது உண்மையா? மறுநாள் இருவரும் மட்டம் பார்க்கும் கருவியையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனார்கள். கரையின் மேல் ஓரிடத்தில் செடித்தொட்டிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. கரையக்கா அவற்றில் நாலைந்தை நகர்த்தினார். பின்னால் ஒரு தள்ளுவண்டி இறங்கும் அகலத்தில் கரை வெட்டப்பட்டு, சரிவாக வாய்க்கால்வரை போயிற்று. மண்வெட்டி சீவிய தடம் பக்கச் சுவரில் அப்படியே இருந்தது. கமுக்கம் கோலைப் பள்ளத்தில் நிறுத்தி, அளவைக் குறித்தார்.

அண்ணன் பண்ணைக்குள்ளிருந்து வந்தார். கையில் மண் ஒட்டியிருந்தது.

"செடிக்குத் தண்ணி மொள்ள இறங்கணும்ல. ஒரு முழம்தான்."

"எப்பண்ணா வெட்டினீங்க?"

"நீ பேசாம இருந்த காலத்துல." அண்ணன் கமுக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மழை முடிஞ்சதும் நானே மூடிடறேன். அந்தக் கோடு நீ போட்டதுதானே? பொய்யா ஒண்ணும் போடலையே. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா. எதுவும் செய்யாம இருந்தாப் போதும்."

"மழையில தண்ணி ஏறிச்சுன்னா, பின்னாடி இருக்கிற வீடெல்லாம்?"

"இத்தனை வருஷம் ஏறலையே."

திரும்பும் வழியில் கமுக்கம், "நான் அளவை மட்டும்தான் பாத்தேன் அக்கா. வேற எதையும் பாக்கல" என்றார். தமக்கு உதவுவதற்காக அப்படிச் சொல்கிறாரா, அண்ணனுக்காகச் சொல்கிறாரா என்று கரையக்காவால் முடிவுசெய்ய இயலவில்லை. அன்று மாலை கரையக்கா தாம் போட்ட கோட்டை அழித்தார். கணினி "உறுதியாக அழிக்கவா?" என்று கேட்டது. அதையும் சற்று நேரம் முறைத்துப் பார்த்துவிட்டே விசையைத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை மாடிக் கட்டட விண்ணப்பத்தின் மீது விசாரணை. பொறியாளர் அம்மையார் மேசைக்கு அந்தப் பக்கம். அண்ணனும் அண்ணியும் இந்தப் பக்கம். கரையக்கா சுவரோரமாக நின்றார். வெளியே முதல் மழை சன்னல் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து வரைக்கும் இங்க ஒரு கோடு இருந்திருக்கு. எடுத்தது நீங்களா?" என்று பொறியாளர் கேட்டார்.

"ஆமா மேடம். நேர்ல போய் அளந்தோம். கரை தாழ்ந்துதான் இருக்கு."

அண்ணி, கணவரைப் பார்க்காமல் கரையக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு போட்டப்போ உயரமா இருந்த கரை எப்படித் தாழ்ந்துச்சு?"

"மண் கரைதானே மேடம்" என்று அண்ணன் முந்திக்கொண்டார். "மழையில கரைஞ்சிருக்கும்."

அவர் தங்கையின் பக்கம் திரும்பவில்லை. மடியில் கோத்திருந்த தம் விரல்களைப் பார்த்தபடி இருந்தார். நகக்கண்ணில் மண் இருந்தது. பொறியாளர் பேனாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க நேர்ல பாத்தீங்கல்ல. மழையில கரைஞ்சதா?"

"இல்ல மேடம். எங்க அண்ணன் வெட்டினாரு."