மங்கியது எந்தக் கண்ணாடி?

முதல் வேலைக்கான நேர்காணலுக்காக நான் முகம் மழிக்கப் போன காலையில்தான் தலைவரின் அறிமுகம் கிடைத்தது. தெருவிலுள்ள எல்லாத் தலையும் தம் முன்னால் குனிவதால் சலூன்காரருக்கு அந்தப் பட்டம். "முடி வேணா வெட்டி விடறேன் தம்பி. சவரம் இப்பக் கிடையாது. கண்ணாடி மங்குது," என்று கத்தியை டப்பாவில் போட்டு மூடினார். சுவர்க் கண்ணாடியோ பளிச்சென்று இருந்தது.

தலைவருக்கு வலது கண்ணில் புரை எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எடுத்த புதிதில் அடுத்தவர் தலையில் ஒளிந்திருக்கும் நரையைக்கூடக் காட்டிக்கொடுத்தவர். பிறகு எல்லாமே மெல்ல மெல்லச் சோப்பு நுரைக்குள் போனது. ஆபரேஷன் செய்த கண்ணைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. பழி சுவர்க் கண்ணாடி மேல் விழுந்தது. ரசம் போய்விட்டதென்று முடிவு கட்டினார். ஒருநாள் வாடிக்கைக்காரர் ஒருவரின் காதோரம் கத்தி கீறியது. அன்றோடு அவரே கத்தியை மூடிவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் முடி மட்டும் வெட்டும் மச்சான் சும்மா இருப்பானா? "பேசாம வீட்ல உக்காருங்க மாமா. கடைய நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கடா. நான் கண்ணாடிய மாத்திட்டு வந்து உன்னையும் சேத்துப் பாத்துக்கறேன்."

வீட்டிலும் "கண்ணாடி மாத்தணும்" என்றார். மனைவி மறுபேச்சில்லாமல் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனாள்.

"இங்க எதுக்குடி? எனக்கு நாலடி உயரத்துல வேணும்."

கடைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். "உங்க மூஞ்சிக்கு எதுக்குங்க நாலடி?" என்றாள் மனைவி. விஷயம் புரிந்து சிரித்து முடித்தபின்னும் அவள் விடவில்லை. அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். எந்த வில்லையை மாட்டியும் எழுத்து தெளியவில்லை. "இது பவர் பிரச்சன இல்ல, டாக்டரப் பாருங்க," என்றார் கடைக்காரர்.

கண் மருத்துவமனையில் தலைவர் முதலில் இதைத்தான் கேட்டார். "புரை திரும்ப வளந்துடுச்சா டாக்டர்?"

"எடுத்த புரை திரும்ப வராதுங்க. உள்ள வெச்ச லென்சுக்குப் பின்னால மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு, அது மங்கியிருக்கு. சொட்டு மருந்துக்கும் சரியாகாது, கண்ணாடிக்கும் சரியாகாது. லேசர்ல நடுவுல சின்னதா வழி விடலாம், கத்தி வேணாம். பெரிய தொந்தரவு இல்லன்னா தள்ளியும் போடலாம். லேசர் பண்ணா விழித்திரைக்கு எப்பவாவது பாதிப்பு வர்றதும் உண்டு. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணுமில்ல டாக்டர். கண்ணு தெரியாம கத்தியத் தொட மாட்டேன். தொடாமலும் இருக்க மாட்டேன். இன்னைக்கே பண்ணிடுங்க."

சொட்டு மருந்து விட்டு, மெஷினில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். "தலைய ஆட்டாதீங்க," என்றார் டாக்டர். வாசலில் நின்ற மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊருக்கெல்லாம் சொன்னீங்கல்ல, இப்ப நீங்க கேளுங்க!" சில நிமிடங்களில் முடிந்தது. கண்ணுக்குள் கொசு பறப்பதுபோல் தெரிந்தால் மெல்லக் குறையும், மின்னல் வெட்டினாலோ திரை விழுந்தாலோ ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கண் தெளிந்தபின் கடைக்குப் போனவர் முதல் வேலையாக மச்சானை உட்கார வைத்துக் கன்னத்தில் நுரை பூசினார்.

"மாமா, நான் நேத்துதான் பண்ணிக்கிட்டேன்."

"தெரியுதுடா. இடது கன்னத்துல பாதிய விட்டுட்டே."

இப்போது சவரம் தலைவர் கையில்தான். இடது கண்ணிலும் புரை இருக்கிறது. அதற்கும் நாள் வாங்கிவிட்டார்.