டப்பாவில் இருந்தது என்னுடையதல்ல

பரிசோதனைக்கு நான் கொடுத்த விந்து என்னுடையதல்ல. என் சினேகிதன் பாண்டியுடையது. ஏழு ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள்… நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

பத்தொன்பது வயதில், திண்டுக்கல் பேருந்து நிலையத்தருகே ஒரு லாட்ஜில், மாதம் ஒருநாள் முகாம் போடும் வைத்தியரிடம் போனேன். கைப்பழக்கம் உண்டா என்றார். தலையாட்டினேன். நாடி பிடித்தார். "நரம்பு செத்துப் போச்சு தம்பி. இனி உனக்குப் பிள்ளை கிடையாது."

அந்தப் பழக்கத்தால் ஒரு கெடுதலும் இல்லை என்று பின்னாளில் படித்தறிந்தேன். புத்தி நம்பியது. பயம் நம்பவில்லையே!

நத்தத்துச் செல்வியை மணந்தேன். மூன்றாண்டுகள் குழந்தையில்லை. மருத்துவர் இருவருக்கும் சோதனை எழுதினார். லேபில் ஒரு டப்பாவைத் தந்து, "வீட்லயே எடுத்து அரை மணிக்குள்ள கொண்டாந்துருங்க" என்றார்கள்.

பாண்டியின் வீடு லேபுக்கு அடுத்த தெரு. இரண்டு பிள்ளைக்காரன்.

"ஏலே, இதையுமாடா கைமாத்து கேப்ப?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். கொடுத்தும் விட்டான்.

அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்தது. ஆகவே குறை செல்வியிடம் என்றாயிற்று. ஊசிகள், மாத்திரைகள், வயிற்றில் துளையிட்டு ஒரு சோதனை… மூன்று தழும்புகள். "எம்மகன்ட்ட ஒரு கொறையும் இல்ல, ரிப்போர்ட்டே இருக்கு" என்று என் தாய் அவள் காதுபட ஊரெல்லாம் சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு உண்மையிலேயே குறை உண்டா? தெரியாது! சோதித்தால்தானே தெரியும்? இருந்திருந்தாலும் மருந்திலேயே தீர்ந்திருக்கலாம். இதைவிடக் கேவலம் உண்டா, சொல்லுங்கள்?

சென்ற மாதம் ஒரு புதிய மருத்துவரிடம் போனோம். அறிக்கையைப் புரட்டியவர், "இது பழசு. சாருக்கு இன்னொரு தடவை பாத்துரலாமே" என்றார்.

நான் வாய் திறக்குமுன் செல்வி முந்திக்கொண்டாள். "அவுகளுக்கு எதுக்கு டாக்டர்? அவுக நல்லாத்தான் இருக்காக. கொறை எங்கிட்டதான்." மடிப்பில் கிழியத் தொடங்கிய அந்தத் தாளை வாங்கிப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள்.

மருத்துவர் என்னைப் பார்த்தார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

வியாழக்கிழமை அவளுக்கு அடுத்த ஊசி. வண்டியில் நான்தான் அழைத்துப் போகவேண்டும்.