சொட்டுநீர்க் குழாயில் ஓடிய பெட்ரோல்

பெட்ரோல் டியூப் மாற்றுவது, ஒழுங்காகச் செய்தால் யாருமே கவனிக்காத வேலை. பழைய காரை வைத்துக்கொண்டு என்னைப் போன்ற மெக்கானிக்குகளிடம் அவஸ்தைப்படுகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவனியாபுரத்தில் என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியின் கதை.

தோட்டத்துச் சரக்கு

எழுமலையில் விவசாயம் பார்க்கும் முத்தையா அண்ணன், மகள் செல்வியின் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். செல்வி கோச்சடையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் டீச்சர் வேலைக்குப் போகிறாள். தன் சின்னப் பெண்ணையும் பின் சீட்டில் உட்கார வைத்துத்தான் தினமும் பயணம். "பேத்திக்குக் கார் ஒத்துக்கல தம்பி, ஏறுனாலே வாந்தி" என்றார். கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது.

அடியில் படுத்துப் பார்த்தால், டேங்கிலிருந்து இன்ஜின் வரைக்கும் கறுப்பாக ஒரு குழாய். தென்னைக்குத் தண்ணீர் விடுகிற சொட்டுநீர்க் குழாய்! பழைய டியூப் வெடித்ததும் அவரே மாட்டியிருக்கிறார். பெட்ரோலில் ஊறி, விரலால் அமுக்கினால் அமுங்கியது. இணைப்பில் ஈரம். ஒரு பொறி போதும். "வண்டி தீப்பிடிச்சுக்கும்ணே" என்று கத்திவிட்டேன். அவர் அசரவில்லை.

"என்ன தம்பி இப்பிடிச் சொல்றீக, அம்புட்டு வெயில்ல கெடந்தும் ஒண்ணும் ஆகாத குழாயாச்சே?"

மாப்பிள்ளை கொண்டுவந்த செம்பு

மறுநாள் செல்வியும் அவள் கணவரும் வந்தார்கள். அவர் ஏ.சி. மெக்கானிக், கையில் செம்புக் குழாய்ச் சுருள். கையாலேயே வளைக்கலாம், பார்க்கவும் அழகு. ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டுகிற ஏ.சி. உசிலம்பட்டி ரோட்டில் ஓடுவதில்லையே! குலுங்கக் குலுங்கச் செம்பு இறுகி, ஒருநாள் விரிசல் விடும். இதைச் சொன்னதும் மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. கல் பட்டால் கிழியும் என்று தெரிந்தும், வேலை சீக்கிரம் முடியப் பேசாமல் முழு நீளத்துக்கும் ரப்பர் டியூபைப் போட்டு அனுப்பிவிடலாமா என்று எனக்கும் ஒரு சபலம். அப்போதுதான் செல்வி கேட்டாள்.

"அண்ணே, ஒங்க புள்ளைய பின்னாடி உக்கார வச்சா எதப் போடுவீங்க?"

இரும்பும் கொஞ்சம் ரப்பரும்

அதற்குமேல் சபலம் ஏது? அடிப்பகுதி முழுக்கத் துருத் தடுப்புப் பூச்சுள்ள ஸ்டீல் குழாய் போட்டேன். எங்கும் உரசாமல் வளைத்து, கிளிப் வைத்து இறுக்கினேன். இன்ஜின் ஆடும் என்பதால் இரண்டு முனையிலும் மட்டும் ஒரு சாண் ரப்பர். அதுவும் இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகம். சாதா ரப்பரை எத்தனால் அரித்துவிடும். வண்டியை எடுத்துப் போகும்போது யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சில வாரம் கழித்து முத்தையா அண்ணன் மட்டும் வந்தார். குறை சொல்ல வந்த முகம். எனக்குப் பகீரென்றது.

"வாந்தி நின்னு போச்சு தம்பி, ஆனா இப்ப வீடு வந்தாலும் வண்டிய விட்டு எறங்க மாட்டேங்கிறா, அதுக்கு ஏதும் டியூப் இருக்கா?"

குறை சொல்லாத வாடிக்கையாளர் எந்தப் பட்டறைக்கும் வாய்ப்பதில்லை. குறை இந்த மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டால் நமக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான்.