தையல் கடையில் மாட்டிய விஷன் போர்டு

பிளவுஸ் தைக்கிறவளுக்கு ரிட்டையர்மென்ட் என்று ஒன்று கிடையாது. கண் மங்கினால் கண்ணாடியை மாத்துங்க என்பார்களே தவிர, போதும் உட்காருங்க என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஓய்வுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது என் மகள் கவிதா. போன ஐப்பசியில், தீபாவளித் துணி மலையாட்டம் குவிந்து கிடந்த ஒரு மத்தியானம் போனில் சொன்னாள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். பீளமேட்டில் ஒரு சந்துக்குள் முப்பது வருஷமாக மிஷின் மிதிக்கிறேன். மிஷின் மிதித்தோ மாவாட்டியோ பிள்ளைகளைக் கரையேற்றிய உங்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு கழுத்து

மிஷின் சத்தத்தில் கவிதா சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. "ஃபேஷன் போர்டு" என்று கேட்டது. படங்களை வெட்டி அட்டையில் ஒட்டணும், தினமும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டணும் என்றாள். நல்ல யோசனைதான் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய அட்டை ஒன்று வாங்கி, பழைய புத்தகங்களிலிருந்து பானைக் கழுத்து, போட் நெக், பின்னால் முடிச்சு வைத்தது என்று பன்னிரண்டு கழுத்தை வெட்டி ஒட்டி, மிஷினுக்கு எதிரே மாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அட்டையைப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சொன்னது விஷன் போர்டாம். வருகிற சித்திரை ஒன்றோடு நான் கடையை விடவேண்டும் என்பது அவள் கணக்கு. ஓய்வுக்கப்புறம் எப்படி வாழப்போகிறோம் என்பதை இப்போதே படமாக ஒட்டிப் பார்க்கவேண்டும் என்று அவள் ஆபீசில் வகுப்பு எடுத்தார்களாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இது உங்க ஆசை இல்லீங்கம்மா, உங்க கஸ்டமருங்க கழுத்து!"

அரை இஞ்சு

அட்டையைத் திருப்பிப் போட்டு, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டாள். இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முப்பது வருஷமாக அந்தக் கேள்வியை நான்தான் எல்லோரையும் கேட்டிருக்கிறேன். யோசித்து யோசித்து மூன்று படம் எடுத்தேன். காலண்டரில் இருந்த ஒரு நந்தி. வால்பாறை மலை ரோட்டில் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு பெண். காலை நீட்டிப் படுக்கிற ஈஸி சேர்.

மூன்றில் எனக்கு உயிர் அந்த நந்திதான். பிறந்தது அவிநாசிப் பக்கம். அவிநாசி சிவன் கோயிலில் ஒரு பிரதோஷத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுதல். பிரதோஷ வேளை நாலரைக்கு ஆரம்பம். டீச்சர்களும் ஆபீஸ் போகிறவர்களும் துணியோடு வந்து நிற்பதும் அதே நாலரைக்குத்தான். அடித்துப் பிடித்துப் போய் இறங்கும்போது தீபாராதனையும் முடிந்து திருநீறு மட்டும் மிச்சம் இருக்கும்.

படங்களை வெட்டிக் கொடுத்தேன். "ஏம்மா, படத்தைச் சுத்தி எதுக்கு அரை இஞ்சு விட்டிருக்கறீங்க?" என்றாள் கவிதா. கை பழக்கம், தையலுக்கு விட்டு வெட்டியிருக்கிறேன். பக்கத்தில் கொக்கி தைத்துக்கொண்டிருந்த, கடையில் எனக்கு உதவியாக இருக்கும் சரசு தலை நிமிராமல் சொன்னாள்: "இருக்கட்டும் கண்ணு, நாளைக்கு ஆசை பெருத்துப்போச்சுன்னா பிரிச்சு உட்டுக்கலாமில்ல!"

இது கேட்லாக் இல்லைங்க

கார்த்திகையில் ஒரு டீச்சர் வந்தார். அட்டையை உற்றுப் பார்த்து, பஸ் ஜன்னலில் இருந்த பெண்ணைத் தொட்டு, "அக்கா, இந்தக் கை மாடல் எனக்கு எடுக்குமா?" என்றார். "இது கேட்லாக் இல்லைங்க. சித்திரையோட நான் கடையை விடறேன், அதுக்கப்புறம் போற இடம் இது" என்றேன். டீச்சர் முகம் வாடிப்போனது. அடடா, நம்மேல் எத்தனை பாசம் என்று நானும் உருகிப்போனேன்.

மறுநாள் ஒரு கட்டைப்பை நிறையத் துணியோடு வந்துவிட்டார். சேதி அந்தப் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி, ஓய்வெடுக்க மாட்டிய அட்டையால் வேலை இரட்டிப்பாகிவிட்டது. டீச்சர் பையை வைத்துவிட்டுச் சொன்னது இது: "இதையெல்லாம் தெச்சுக் குடுத்துப்போட்டு நீங்க நல்லா ரிட்டையர் ஆயிக்குங்க்கா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

காலி சீட்டு

என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்தவர் அட்டை முன்னால் வெகுநேரம் நின்றார். "ஏனம்மணி, இத்தனை ஒட்டியிருக்கற, என்னைய எங்கயும் காணமே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மனுஷனை மறந்தே போயிருக்கிறேன்!

சமாளித்துக்கொண்டு, "பஸ்ஸுல அந்தப் பொண்ணுக்குப் பக்கத்து சீட்டு காலியா இருக்குதுங்களே, அது உங்களுக்குத்தானுங்க" என்றேன். கண்ணாடியை எடுத்து மாட்டி, குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப ஜன்னலோரம் உனக்கா?"

கத்திரிக்கோல்

பங்குனியும் வந்துவிட்டது. கடையைச் சரசுவிடம் விடுவதாகப் பேச்சு. பத்து வருஷமாக என்னோடு இருக்கிறாள், தையல் முத்து முத்தாக இருக்கும். ஆனால் ஒரு துணியைக்கூட வெட்டியதில்லை. கத்திரிக்கோலை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். "தப்பாத் தெச்சாப் பிரிக்கலாமுங்க்கா, தப்பா வெட்டுனா என்ன பண்றது?" என்பாள். அவள் வெட்டாவிட்டால் சித்திரை ஒன்றும் மற்ற நாளைப் போலத்தான்.

பிரதோஷத்தன்று மத்தியானம் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா, என் பழைய கஸ்டமர், பட்டு பிளவுஸ் பிட்டோடு ஓடி வந்தார். வேறு கடையில் கொடுத்து முதல் பிளவுஸ் பாழாகிவிட்டதாம். மறுநாளே வேண்டும். என் கை தானாகக் கத்திரிக்கோலுக்குப் போனது. நிமிர்ந்தால் எதிரே நந்தி. அவிநாசியப்பா, இன்றைக்குப் போகாவிட்டால் நான் என்றைக்கும் போகமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, கத்திரிக்கோலைச் சரசு மடியில் வைத்தேன். "அளவு பிளவுஸ் இருக்குது. உள்ளே துணி தாராளமா விட்டு வெட்டு. நான் வாரேன்" என்று படியிறங்கிவிட்டேன். "அக்கா! அக்கா!" என்று அவள் கூப்பிட்டது சந்து முக்கு வரைக்கும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் போனை அணைத்தேன். அன்றைக்கு நந்திக்கு நேர் எதிரே எனக்கு இடம் கிடைத்தது. முதல் குடம் தண்ணீரிலிருந்து பார்த்தேன். பால், தயிர், சந்தனம், அருகம்புல் மாலை, தீபாராதனை, பிரகாரத்தில் சுவாமி சுற்றி வருவது, எதுவும் பாக்கியில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, "ஏனுங்க, ஏதாச்சும் கஷ்டமுங்களா, இப்படி அழுவறீங்க?" என்றார். "கஷ்டமெல்லாம் தீந்துபோச்சுங்க" என்றேன்.

திரும்பி வந்தபோது சரசு வெட்டி முடித்து, பிளவுஸுக்குக் கை வேறு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பு முழுக்க வியர்வை. நான் எதையும் தொடவில்லை. கல்யாணம் முடிந்து பெண்ணின் அம்மா வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து, சரசு பக்கத்தில் இருப்பதையே கவனிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "சொன்னாக் கோவிச்சுக்காதீங்க, இத்தனை வருசம் நீங்க தெச்சுக் குடுத்ததுலயே இதுதானுங்க கச்சிதமா உக்காந்துச்சு!"

சித்திரை

சித்திரை ஒன்றாம் தேதி, கனி பார்த்து, சாமி கும்பிட்டு, கடைச் சாவியைச் சரசுவிடம் கொடுத்தேன். என் அட்டையைக் கழற்றிக்கொண்டேன். அந்த ஆணியில் அவள் புது அட்டை ஒன்று மாட்டியிருக்கிறாள். அதில் முதல் படம், காலால் மிதிக்காமல் கரண்டில் ஓடுகிற ஒரு பவர் மிஷின். வால்பாறைக்கும் போய்வந்தோம். கொண்டை ஊசி வளைவு ஏற ஏற வீட்டுக்காரருக்குத் தலை சுற்றவே ஜன்னலோரம் அவருக்கே போய்விட்டது. மலை இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த தடவை அட்டையில சமதளமா ஒரு ஊரு ஒட்டு அம்மணி."

ஊருக்கெல்லாம் அளவெடுத்தவள் தன்னை அளந்து பார்க்க முப்பது வருஷமும் ஒரு அட்டையும் தேவைப்பட்டிருக்கிறது. அதனால் பிரதோஷத்தன்று அவிநாசியில் நந்திக்கு எதிரே என்னைப் பார்த்தால், பையில் பிளவுஸ் பிட் இருந்தாலும் தயவுசெய்து வெளியே எடுக்காதீர்கள்.