ரூத் அக்கா தட்டு எடுக்கவில்லை

மண்ணூரில் என் வாடகை அறையும் ரூத் அக்கா வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டவை. சுவர் என்று பேர்தான். விடியற்காலையில் அவள் சொல்லும் ஸ்தோத்திரம் என் தலைமாட்டில் வந்து நிற்கும். அதனால் நான் அலாரமே வைப்பதில்லை. ஒரகடத்தில் வயர் செய்யும் கம்பெனியில் இருவருக்கும் ஒரே லைன், ஒப்பந்த வேலை.

அவள் கணவர் மைக்கேல்ராஜ் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாராவாரம் நடக்கும் டயாலிசிஸ் வேலையோடு வந்த இவளுடைய இஎஸ்ஐ காப்பீட்டுக் கார்டில் ஓடுகிறது. வேலை போனால் கார்டு போகும். கார்டு போனால் அண்ணனும் போய்விடுவார். இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கம்பெனிக்கு ஞானோதயம் வந்தது. பழைய பெண்களையெல்லாம் மாதக் கடைசியில் அனுப்பிவிட்டுப் புதுப் பிள்ளைகளை எடுக்கப்போகிறார்களாம். எங்கள் கையில் வேகம் குறைந்துவிட்டதாம். அந்தக் கையை நாங்கள் அங்கேதான் தேய்த்தோம் என்பது அவர்களுக்கு மறந்துபோயிற்று.

நாங்கள் அழுதோம், மண்ணை வாரித் தூற்றினோம். ரூத் அக்காவோ மூன்று நாள் உபவாச ஜெபம் என்று ஆரம்பித்தாள். சாயங்காலம் ஆறு மணிவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

"யக்கா, சோத்தத் தின்னுட்டு ஜெபம் பண்ணா ஒங்க சாமிக்குக் காது கேக்காதாக்கா?"

"அவருக்கு நல்லாவே கேக்கும்டி மாரிசெல்வி. எனக்குத்தான் தெம்பு வேணும்."

"தெம்பு வேணும்னா சாப்பிடணும்க்கா."

"போடி, இது வேற தெம்பு."

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனைத் தவிர வேறெங்கும் உட்காரக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் திவ்விய சட்டம். ஆகவே அவள் கேன்டீனிலேயே, எங்கள் எதிரிலேயே, தட்டு எடுக்காமல் கண்ணை மூடி உட்கார்ந்தாள். எதிரே ஒருத்தி பட்டினியாய் உட்கார்ந்திருந்தால் எவள் தொண்டையில் சோறு இறங்கும்? இரண்டாம் நாள் எங்கள் மேசையே சாப்பிடாமல் எழுந்துவிட்டது. மூன்றாம் நாள் லைனில் ஒருத்திகூடத் தட்டைத் தொடவில்லை.

இந்தப் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் இடி மின்னலுக்கு அஞ்சமாட்டார்கள். கேன்டீனில் சாதம் மிஞ்சினால் மட்டும் தூக்கம் போய்விடும். ஏனென்றால் இங்கே ஸ்டிரைக் எல்லாம் சோற்றை மறுப்பதில்தான் தொடங்கும். மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் லைனைப் பார்க்க வருகிறார்கள் வேறு. எச்.ஆர். ஜெபர்சன் சார் ரூத் அக்காவையும், பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு என்னையும் கூப்பிட்டனுப்பினார்.

"எந்த யூனியன் சொல்லிக் குடுத்தது?"

"யூனியன் இல்ல சார், உபவாசம்."

சாரும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். முகம் கொஞ்சம் கோணியது. "உபவாசத்த ஊருக்குக் காட்டிக்கினு பண்ணக் கூடாதுன்னு உங்க பாஸ்டர் சொல்லலியா?"

"தனியா பண்ண எடம் ஏது சார்? பாத்ரூமுக்கே டோக்கன் வாங்கினுதான போறோம்."

சார் தண்ணீர் குடித்தார். பிறகு குரலைத் தேன்போல ஆக்கிக்கொண்டார். அவளை மட்டும் வேலையில் வைத்துக்கொள்வாராம், இஎஸ்ஐ அப்படியே இருக்குமாம். அவள் செய்யவேண்டியதெல்லாம் இப்போதே கேன்டீனுக்குப் போய் எல்லோர் முன்னாலும் ஒரு வாய் சாப்பிடுவதுதான்.

தின்னுடி, தின்னுத் தொலைடி என்று எனக்குள் கத்தினேன். என் வேலை போகும் என்று தெரிந்தேதான் கத்தினேன். அவள் இடத்தில் நானாக இருந்தால் தட்டையும் சேர்த்து விழுங்கியிருப்பேன்.

ரூத் அக்கா கண்ணை மூடினாள். உதடு ஜெபத்தில் அசைந்தது. வெகுநேரம் கழித்துத் திறந்தாள்.

"அதுங்களும் என்கூட பட்டினி கெடந்துதுங்க சார். அதுங்க பேரையும் ஜெபத்துல சேத்துட்டேன். இப்ப பாதில கயட்டி வுட முடியாது."

கிறுக்கி! அவளை அங்கேயே அறையலாம் போலிருந்தது. காலில் விழலாம் போலவும் இருந்தது.

ஷிப்ட் முடிவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. நிர்வாகத்தின் பெருங்கருணையால் யாரையும் நிறுத்தவில்லையாம். கருணை எந்த வாசல் வழியாக வந்தது என்று சொல்லவில்லை. சார் லட்டு நீட்டினார். ஆறு ஆகவில்லை என்று அதையும் அவள் மறுத்துவிட்டாள். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் நான்தான் மைக்கேல் அண்ணனிடம் வாய் ஓயாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தாளு முடியாதுன்னு போயிருந்தா, நான் போய்ச் சேந்திருப்பேன் இல்ல?"

"ஆமா," என்றாள் ரூத் அக்கா.

"கண்ண மூடிக்கினு இன்னாதான் கேட்ட?"

"உன்னத்தான் கேட்டேன். உன்ன மட்டும்தான் கேட்டுக்கினே இருந்தேன். அப்பால, உன்ன ஆண்டவர் கையில வுட்டுட்டேன். வுடவே முடியலய்யா."

மூன்று நாளும் தளராதவள் அப்போதுதான் ஓவென்று அழுதாள். அண்ணன் ஊசித் தழும்பு வீங்கிய கையால் சோற்றைப் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனார்.

"நல்லா பண்ண. மணி ஆறாச்சு, வாயத் தொற."